வண்டியைக் கிளம்பவிடாதது யார், அத்தை?

யாரையும் லேசில் நம்பாத என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. செம்பூரில் மழை ஓய்ந்துவிட்டது. உங்கள் அறையில் இப்போது மாமா மட்டும் படுக்கிறார். உங்கள் பேத்தி புனேயில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஆனால் அதையெல்லாம் சொல்ல இதை எழுதவில்லை. நம் வண்டி என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே ஆளைப் பிடித்திருப்பீர்கள்.

பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே "இதுல குறையுது" என்பீர்கள். ஆட்டோக்காரர் ஒரு தெரு சுற்றிப் போனால் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டுவீர்கள். கல்யாணமான புதிதில் நான் குழம்பு வைத்துவிட்டு நகர்ந்ததும் நீங்கள் வந்து மூடியைத் திறந்து பார்ப்பீர்கள். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். இந்த வண்டியால் நான் சந்தேகப்பட்ட ஆட்களை நினைத்தால், நீங்களே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உங்கள் மகன் வழக்கம்போல விக்ரோலிக்கு வேலைக்குக் கிளம்பிக் கீழே போனவர், பத்து நிமிஷத்தில் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "வண்டி கிளம்ப மாட்டேங்குது. நீ சாகுல் அண்ணனைக் கூப்பிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். குர்லாவில் இறங்கி மாறி, அந்தக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போயிருப்பார்.

சாகுல் அண்ணனை உங்களுக்குத் தெரியாதா? காயல்பட்டினத்துக்காரர், ஸ்டேஷன் பக்கம் கராஜ் வைத்திருப்பவர். அவர் நம் வண்டியின் பானெட்டைத் திறந்தால் நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவீர்களே, அவர்தான். பத்தரை மணிக்கு வந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே தடவையில் கிளம்பிவிட்டது.

"என்னம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார். பேட்டரியைப் பார்த்தார், அதுவும் நன்றாக இருந்தது. எனக்குத்தான் வெட்கமாகப் போனது. உங்கள் மகன்தான் அவசரத்தில் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. காலை எட்டு மணிக்குக் கிளம்பாத வண்டி, சாகுல் அண்ணன் வந்து தொட்டதும் கிளம்பியது. இந்த முறை என் புத்தி வேறு பக்கம் போனது. போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது இவரே எதையாவது தளர்த்தி வைத்திருப்பாரோ? வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"உங்க மாமியா பாக்குற மாதிரியே பாக்குறீங்க" என்று சிரித்தார். கோபப்படவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளக்கிச் சொன்னார். "லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ஃப் சுத்துது. ஆனா வண்டி பிடிக்கலைன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. அப்ப பேட்டரி பிரச்சினை இல்ல. ஒண்ணு பெட்ரோல் வந்து சேரல, இல்லைன்னா தீப்பொறி வரல. அடுத்த தடவை இப்படி ஆனா, சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணாம சும்மா ஆன் மட்டும் பண்ணுங்க. பின் சீட்டுல காதை வையுங்க. டேங்குக்குள்ள ஒரு பம்பு இருக்கு, ரெண்டு செகண்டு 'ம்ம்'முனு சத்தம் போடும். போடுதா இல்லையான்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க. வண்டியை யாரும் தொடக் கூடாது. நான் வர்ற வரைக்கும் நீங்களே நில்லுங்க."

வியாழக்கிழமையே அந்த அடுத்த தடவை வந்தது. உங்கள் மகன் ஆபீஸ் பையோடு நின்று திட்டிக்கொண்டிருக்க, நான் பின் சீட்டில் கவிழ்ந்து காதை வைத்துக் கேட்டேன். அவர் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் திருப்பச் சொன்னேன். இல்லை. எனக்கு என்னவோ பெரிய துப்புக் கிடைத்த மாதிரி இருந்தது. சாகுல் அண்ணனுக்கு போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்றார். உங்கள் மகன் ரயிலுக்குப் போனார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன்.

அப்போது மாமா இறங்கி வந்தார். "அடுப்புல குக்கரை வச்சுட்டு இங்க நிக்கியே. போம்மா, நான் நிக்கேன்" என்றார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே போனேன். எவ்வளவு பெரிய மக்கு நான், பாருங்கள்.

சாகுல் அண்ணன் வந்தபோது பின் சீட்டில் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஓரத்திலிருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதாக, வரிசையாகக் கறுப்புச் சதுரங்கள். எல்லாவற்றின் மேலும் தூசி. ஒன்றின்மேல் மட்டும் தூசி இல்லை, விரல் தடம் இருந்தது.

"இது அந்தப் பம்போட ரிலே. இதைப் பிடுங்கிட்டா பம்புக்குக் கரண்டு போகாது, வண்டி கிளம்பாது. திரும்பச் சொருகிட்டா கிளம்பிரும். தானா கழண்டு, தானா போய் உக்கார்ற சாமான் இல்லம்மா இது. யாரோ கழட்டி மாட்டுறாங்க."

எனக்கு உடனே மூன்றாம் மாடி குல்கர்னிதான் ஞாபகத்துக்கு வந்தார். தண்ணீர் டாங்கி பக்கத்தில் நம் வண்டி நிற்கிற இடத்துக்காக அவர் இரண்டு வருஷமாகக் கட்டடச் சொசைட்டி மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியுமே. வண்டி ஓடவில்லை என்றால் இடத்தைக் காலி பண்ணச் சொல்லலாம் என்று பார்க்கிறார்! நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்ததும் இந்தியில் பொரிந்து தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் பனியனோடு, கையில் டீ கப்போடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "பாபி, மேரேகோ பானெட் கோல்னா பீ நஹி ஆத்தா" என்றார். பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாதாம். நடிக்கிறார் என்று நினைத்தேன்.

கீழே வந்ததும் சாகுல் அண்ணன் கேட்டார். "சண்டை போடுறதுக்கு முன்னால ஒண்ணு யோசிச்சீங்களாம்மா? பானெட்டைத் திறக்க வண்டிக்குள்ள இருந்து இழுக்கணும். வண்டிக்குள்ள போகச் சாவி வேணும். சாவி யாருட்ட இருக்கு?"

சாவி இரண்டு. ஒன்று உங்கள் மகனிடம். இன்னொன்று நம் வீட்டு வாசல் ஆணியில்.

அத்தை, வெளியே யாரையாவது திட்டிவிட்டு வந்து சோறு தின்னலாம். வீட்டுக்குள் என்றால்?

உங்கள் மகனைத்தான் நினைத்தேன். வேலைக்குப் போகப் பிடிக்காமல் தானே கழற்றிவிட்டு நடிக்கிறாரோ? வேலையே போய்விட்டதோ? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்தது. ஆள் இளைத்திருந்தார். கேட்டால் "அம்மா போன கவலை" என்பார். காலையில் சாப்பிடாமல் ஓடுவார். துவைக்கப் போடும் சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய்க் காகிதங்கள் இருந்தன. நாற்பத்தேழு வயது ஆம்பிளை யாருக்கு மிட்டாய் வாங்குகிறார்? நான் என்னென்ன கற்பனை செய்தேன் என்பதை உங்களிடம்கூட எழுத முடியாது.

நான்கு நாள் கழித்துத் தைலம் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் என் வீட்டு நம்பரைக் கேட்டுவிட்டு, "உங்க மாமியார் இப்ப எப்படி இருக்காங்க? போன வாரம்கூட உங்க வீட்டுல இருந்து வந்து அவங்க மாத்திரையை வாங்கிட்டுப் போனாங்களே" என்றாள். உங்கள் பெயரைச் சொன்னாள். நீங்கள் ஊசிக்கு மாறுவதற்கு முன்னால் போட்ட சர்க்கரை மாத்திரையின் பெயரையும் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் நாங்கள் எரித்துவிட்டு வந்த ஆளுக்கு மாத்திரை வாங்குகிறார்கள். நான் தைலத்தைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

வண்டியையும் மாத்திரையையும் எனக்குச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் ஏதோ நடக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து சமையலறையில் லைட் போடாமல் ஜன்னலோரம் நின்றேன். இரண்டாம் மாடியிலிருந்து வண்டி நன்றாகத் தெரியும். ஆறு மணிக்கு மாமா பால் வாங்க இறங்கினார். கேட் பக்கம் போகவில்லை. நேரே வண்டிக்குப் போனார், கதவைத் திறந்தார், பானெட்டைத் தூக்கினார். டிராம்பேயில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த மனிதர் நம் வீட்டிலேயே இருக்க, நான் மூன்றாம் மாடிக்கு ஏறிச் சண்டை போட்டிருக்கிறேன்.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அவர் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பால் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பானெட்டை மூடக்கூட மறந்து நின்றார்.

"மாமா, என்ன செய்யுதீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"பைக்குள்ள என்ன?"

அவர் மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் குரலைத் தணித்தேன். "குல்கர்னி வீட்டுல போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்திருக்கேன். சாகுல் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். உங்க மகனை நான் என்னெல்லாம் நினைச்சிருக்கேன் தெரியுமா? சொல்லுங்க மாமா."

"சொல்ல மாட்டேன்னு உங்க அத்தை போட்டோவுல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேம்மா."

"அப்ப நான் கேக்கேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. வண்டியை அவுக ஓட்டக் கூடாதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். இளைப்பும் மிட்டாயும் மாத்திரையும் அப்போதுதான் எனக்கு ஒன்றுசேர்ந்தன.

"அத்தை மாத்திரையை அவுகதான் போடுதாகளா?"

அவர் தலையை ஆட்டவில்லை. அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை, அத்தை.

அதற்குப் பிறகு சத்தியம் எல்லாம் நிற்கவில்லை. உங்கள் காரியம் முடிந்து இரண்டாவது மாதம், உங்கள் ரத்தம் பார்க்கிற மிஷின் அலமாரியில் கிடந்ததை எடுத்து உங்கள் மகன் சும்மா தன் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார். பெரிய நம்பர் வந்திருக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. உங்கள் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். நீங்கள் போட்ட அளவே அவரும் போட்டிருக்கிறார், அதுவும் வெறும் வயிற்றில்.

அந்த முதல் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு, மாமாவை அவருடைய பழைய சிநேகிதர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு டிராம்பே ரோட்டில் திரும்பி வந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே ஓட்டியவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். கண் திறந்திருந்ததாம். கூப்பிட்டால் பதில் இல்லை. வண்டி மட்டும் ரிஃபைனரிச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார். சட்டை நனைய வேர்த்துப்போயிருந்த உங்கள் மகனுக்கு, பையிலிருந்த மிட்டாயை மாமா ஊட்டிய பிறகுதான் தெளிந்திருக்கிறது. இதற்கு முன்னாலும் தலை சுற்றியிருக்கிறது, அதற்குத்தான் அந்த மிட்டாய். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் உங்கள் போட்டோ முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டார். இனிமேல் வண்டியைத் தொடமாட்டேன் என்று தானும் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் சாவியை எடுக்கிற சத்தத்தை மாமா கேட்டுவிட்டார். ஆணியிலிருந்த சாவியோடு மகனுக்கு முன்னால் கீழே இறங்கி ரிலேயைக் கழற்றிவிட்டார்.

"மத்த நாள்ல எதையாவது சொல்லி அவனை ரயில்ல அனுப்பிருவேன். சொல்ல ஒண்ணும் கிடைக்காத நாள்ல இதைக் கழட்டுவேன். மெக்கானிக் வந்து பாத்தா கண்டுபிடிச்சிருவான்னு திரும்ப மாட்டிருவேன்" என்றார் மாமா.

மேலே வந்து உங்கள் மகனை எழுப்பினேன். ரிலேயைக் கட்டிலில் அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தார். "நீங்க சத்தியம் பண்ணீங்கப்பா" என்றார்.

"சொல்ல மாட்டேன்னுதான்ல சத்தியம் பண்ணேன். வண்டியை ஓட விடுவேன்னு பண்ணலையே" என்றார் மாமா.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கட்டிலில் கிடந்த ரிலேயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அம்மாவுக்கு நாலு வருஷம் நீதான் பாத்த. கால் புண்ணைக் கழுவுன, டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போன. இந்த எட்டு மாசமாத்தான் நீ படுத்தா தூங்குற. அடுத்து நான்னு எப்படிச் சொல்ல?"

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அத்தை? நான் எழுந்து போய் இட்லி ஊற்றினேன். அவர் நான்கு இட்லி சாப்பிடும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

அன்றைக்கே உங்களைப் பார்த்த அதே டாக்டரிடம் இருவரையும் ஏற்றி நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் போடுவதா? அதுவும் அந்த அளவு, சாப்பிடாமல்? சர்க்கரை இறங்கித்தான் நினைவு தப்பியிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. நம்பர் இறங்கியிருக்கிறது. காலையில் நான்தான் அவரைக் குர்லாவரை விடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்.

குல்கர்னி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். பக்கத்து வீட்டார் கேட்க நான் கத்தியது, அவர்கள் கேட்காமல் மன்னிப்புச் சொன்னால் சரியாகிவிடுமா? அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் காலனி மலரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நானே வாசித்துக் காட்டுகிறேன். சாகுல் அண்ணனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், அவரே படித்துச் சிரித்துக்கொள்வார்.

இன்னும் ஒன்று இருக்கிறது அத்தை. டாக்டர் அறையிலிருந்து இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். எட்டு மாதமாக என்னை நானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த விஷயத்தைக் கேட்டேன். உங்கள் கடைசி வாரத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு, எல்லாரும் அசந்திருக்கும்போது, "செண்பகம், ரெண்டு ஸ்பூன் சீனி போட்டு ஒரு வாய் காபி தா. அவங்களுக்குத் தெரியக் கூடாது, என்மேல சத்தியம்" என்று கேட்டீர்களே. நானும் கொடுத்தேனே. நாலு நாள். அதனால்தான் போய்விட்டார்களா என்று கேட்டேன். அந்த வாரத்தில் காபியால் எதுவும் மாறியிருக்காது, கிட்னி அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்றார். உண்மையைச் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் உங்கள் மகன், "இனி இந்த வீட்ல யார்கிட்ட எது இருந்தாலும் இப்பவே சொல்லிருங்க" என்றார். நான் காபிக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். இருவரும் என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

மாமா தொண்டையைச் செருமினார். "நீ மூணு மணிக்கா குடுத்த?" என்றார். "நான் காலைல அஞ்சரைக்குக் குடுத்தேன்."

உங்கள் மகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் ஆபீஸ் விட்டு வந்ததும், ஆறரைக்கு" என்றார். "நீ மட்டும்தான்ல எனக்கு, அவங்ககிட்டச் சொல்லிராதன்னு சத்தியம் வாங்குனாங்க."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடிந்து பார்த்தால் மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம். டாக்டரிடம் நான் நாளுக்கு ஒரு காபி என்றுதான் கேட்டிருந்தேன். மூன்று என்று போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

ஒருநாளும் எங்கள் யாரையும் நம்பாத நீங்கள், எங்கள் மூன்று பேரையும் எப்படி நம்பினீர்கள் அத்தை?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் மகனைச் சாப்பிட வைத்தே அனுப்புவேன். இந்த வீட்டில் இனி யார் என்னிடம் சத்தியம் வாங்கினாலும் செய்து கொடுப்பேன். அடுத்த நிமிஷமே மற்ற இரண்டு பேரிடமும் போய்ச் சொல்லிவிடுவேன். நீங்களே வந்து கேட்டாலும்.

இப்படிக்கு,
மூன்று மணிக் காபி தந்த உங்கள் மருமகள்,
செண்பகம்